ஒன்பது நாக்குக்கு ஒரு வாய்

தீபாவளி முடிந்து பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு, கோவில்பட்டியில் ரயில்வே கேட்டுக்குத் தெற்கே இருக்கும் சோலையப்பன் காம்பவுண்டின் ஆறாம் வீட்டில் தங்கபுஷ்பம் ஒரு எள்ளுருண்டையைக் கடித்தாள். கடித்த அதே நொடியில், நான்காம் வீட்டில் ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்த என் வாயிலும், இரண்டாம் வீட்டில் சாளை மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்த ரகுமத் பீவியின் வாயிலும், ஒன்பதாம் வீட்டில் காலை நீட்டி ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த சூசையாவின் வாயிலும், இன்னும் ஆறு பேர் வாயிலும், வறுத்த எள்ளும் கருப்பட்டியும் ஏலக்காயும் ஒன்றாகக் கரைந்து தொண்டை வரைக்கும் ஓடின. எங்கள் காம்பவுண்டில் பதினொரு வீடு, ஒரு குழாய், ஒரு வேப்பமரம், ஒன்பது சுகர். அந்த ஒன்பது பேர் வாயும்தான் அன்றைக்கு இனித்தது.

சுகர்க்காரனுக்கு வாய் தானாக இனித்தால் அவன் முதலில் சந்தேகப்படுவது தன்னைத்தான். காலையில் எதையாவது தெரியாமல் தின்றுவிட்டோமா, வீட்டுக்காரி காப்பியில் சீனி போட்டுவிட்டாளா, இல்லை இரத்தத்தில் ஏறிய சர்க்கரை வழிய இடமில்லாமல் நாக்குக்கே வந்துவிட்டதா என்று பயந்து, வாய் கொப்பளிக்கச் செம்போடு குழாயடிக்கு ஓடினேன். அங்கே எனக்கு முன்னால் எட்டு பேர் செம்போடு நின்றார்கள். எட்டு பேரும் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினார்கள், துப்பத் துப்ப இனித்தது, ஏனென்றால் ஆறாம் வீட்டில் தங்கபுஷ்பம் இரண்டாவது எள்ளுருண்டையை எடுத்திருந்தாள்.

ரகுமத் பீவிக்கு இருபத்திரண்டு வருஷத்துச் சுகர். காம்பவுண்டிலேயே மூத்த சுகர் என்பதால் அவர் சொல்லுக்கு மரியாதை உண்டு. அவர்தான் வீடு வீடாக மோப்பம் பிடித்துப் போய் ஆறாம் வீட்டு நிலையில் நின்று, "ஏளா தங்கம், வாயத் தொற" என்றார். பல்லிடுக்கில் எள் இருந்தது. பிறகு அவள் வாயில் ஒரு கல் உப்பு வைத்தோம், ஒன்பது நாக்கும் கரித்தது; நார்த்தங்காய் ஊறுகாய் வைத்தோம், ஒன்பது முகமும் சுருங்கியது; சூசையா தன் மகன் பிறந்தநாளுக்கு வந்து அலமாரியில் பூட்டிவைத்திருந்த ஜாங்கிரியைக் கொண்டுவந்து அவள் வாயில் ஒரு சுற்று பிட்டு வைத்தார். சூசையா முப்பது வருஷம் லாரி ஓட்டியவர், சுகருக்கு இரண்டு கால்விரலைக் கொடுத்தவர், எட்டு வருஷமாக ஜாங்கிரியைக் கண்ணால் மட்டும் தின்றவர். அவர் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஏன் இப்படி என்று இரண்டு நாள் பேசினோம். அவள் பிறந்த நட்சத்திரம் என்றார்கள், நகராட்சி புதிதாக விட்ட குழாய்த் தண்ணீர் என்றார்கள். மூன்றாம் நாள் அந்தப் பேச்சை விட்டுவிட்டோம், ஏனென்றால் மறுநாள் தங்கபுஷ்பம் என்ன சாப்பிடுவது என்கிற பெரிய வேலை எங்களுக்கு முன்னால் இருந்தது.

சட்டதிட்டங்கள் ஒரு வாரத்தில் பிடிபட்டன. சுகர் இருப்பவர்களுக்குத்தான் ருசி வரும். அவள் புருஷன் வைரமணிக்கு வராது, காம்பவுண்டு வாசலிலேயே பஞ்சர் கடை வைத்திருக்கும் அந்த மனுஷனுக்கு இரும்பு மாதிரி உடம்பு. காம்பவுண்டு கேட்டுக்குள் இருந்தால் வரும், தெருவில் கால் வைத்தால் அறுந்துவிடும். அவள் தின்கிற இனிப்பின் ருசிதான் வருமே ஒழிய சர்க்கரை எங்கள் இரத்தத்தில் ஒரு புள்ளி ஏறாது. ரகுமத் பீவி ஒரே நாளில் ஐந்து தரம் விரலைக் குத்திப் பார்த்து இதை உறுதி செய்தார். உறுதியான அன்று சாயங்காலம் எங்கள் காம்பவுண்டில் நடந்த ஆர்ப்பாட்டத்தைப் பார்த்து, ரயில்வே கேட்டில் நின்ற ஜனம் இங்கே ஏதோ நிச்சயதார்த்தம் என்று நினைத்தது.

குழாயடிச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டினோம். நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் நாங்கள் தின்பது, வலப்பக்கம் அவள் தின்பது. இடப்பக்கத்தில் கேழ்வரகு தோசை, கம்பங்கூழ், பாகற்காய், அவரைக்காய், வெந்தயக்கீரை, கோதுமை ரவை. வலப்பக்கத்தில் நெய் மிதக்கும் வெண்பொங்கல், சர்க்கரைப் பொங்கல், பால் பணியாரம், ரகுமத் பீவி கைப்பட அவித்த வட்டலப்பம், மாம்பழ சீசனில் ஒரு வாரத்துக்குச் சப்பட்டை, இன்னொரு வாரத்துக்குப் பஞ்சவர்ணம். எட்டரை, ஒன்று, நாலரை, ஏழரை என்று நேரம் குறித்தோம். நேரம் வந்ததும் அவள் தட்டின் முன்னால் அமர்ந்து "உக்காந்துட்டேன்" என்று குரல் கொடுப்பாள், ஒன்பது வீட்டிலிருந்தும் "நாங்களும்" என்று பதில் வரும். நான் ஒரு வாய் பாகற்காயை அள்ளிப் போட்டு மெல்லுவேன், மெல்ல மெல்ல அது பால்கோவாவாக இறங்கும். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் நான் தட்டைக் கழுவின மாதிரி வழித்துத் தின்றது அந்த வருஷம்தான், என் வீட்டுக்காரிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட.

நாங்கள் ஒன்பது பேரும் ஒழுங்காகச் சாப்பிட்டோம், ஆசையாகச் சாப்பிட்டோம், ஒருவேளை தப்பாமல் சாப்பிட்டோம். மாதம் ஒரு தடவை சுகாதார நிலையத்திலிருந்து வந்து எங்கள் விரலைக் குத்தும் நர்ஸ் ஜெயசீலிக்கு, பங்குனியில் சந்தேகம் வந்து, சித்திரையில் ஆச்சரியம் வந்து, வைகாசியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டே விட்டார்: "எல்லாருக்கும் நூத்தி இருவதுக்குள்ள நிக்கி. அப்படி என்ன மாத்திர சாப்பிடுதிய?"

"தங்கபுஷ்பம்" என்றார் சூசையா. "காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

எல்லோரும் சிரித்தோம். நிலைப்படியில் நின்ற தங்கபுஷ்பம் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு எங்கள் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். தங்கபுஷ்பம் இந்தக் காம்பவுண்டுக்கு மருமகளாக வந்த முதல் வாரம், ஒரு காலையில் ஒன்பது தோசை தின்றாள் என்று அவள் மாமியார் குழாயடியில் எண்ணிச் சொன்னார். அந்த மாமியார் செத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது, தோசை மட்டும் சாகவில்லை. ஒன்பது தோசைக்காரி என்றால்தான் எல்லோருக்கும் அவளைத் தெரியும். பந்திக்கு வந்தால் "எல தாங்குமா" என்பார்கள். ரவிக்கை தைக்க வந்தால் நான் அளவு நாடாவை இழுத்துப் பார்த்து, "இன்னொரு நாடா வாங்கணும் போலிருக்கே" என்பேன். நான்தான் சொன்னேன், வேறு யாருமில்லை. இரண்டு பிள்ளைகளும் வெளியூர் போன பிறகு அவள் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடப் பழகியிருந்தாள். அப்படிப்பட்டவள் வீட்டு வாசலில் இப்போது காலையிலேயே மூன்று பேர் தூக்குவாளியோடு நின்றார்கள், "கொஞ்சம் சாப்பிடும்மா, நல்லா சாப்பிடு" என்று கெஞ்சினார்கள், அவள் நடந்து வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். வெளியாட்களும் வந்தார்கள், சக்கரத்தில் ஒரு கோளாறும் இல்லாத சைக்கிளை வைரமணியிடம் கொடுத்து, "பொறுமையாப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, கேட்டுக்குள் ஓரடி தள்ளி நின்று ஒரு மணிக்காகக் காத்திருந்தார்கள். அவர்கள் எல்லோரும் சுகர்க்காரர்கள் என்று வைரமணிக்குப் புரியவே ஒரு மாதம் ஆனது.

ஆடியில் அவளுடைய ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்தேன். ஆவணிக் கடைசியில் மறுபடியும் கொண்டுவந்தாள், மறுபடியும் இரண்டு விரற்கடை பிடித்தேன். இத்தனை இனிப்பைத் தின்றும் ஒருத்தி இளைத்துக்கொண்டே போகிறாளே, இதுவும் அந்த அதிசயத்தில் சேர்ந்ததுதான் என்று மற்ற எட்டு பேரிடமும் பெருமையாகச் சொன்னேன். அவள் குடத்தில் தண்ணீர் மொண்டு நின்றபடியே பாதிக் குடம் குடிப்பதைக் குழாயடியில் எல்லோரும் பார்த்தோம். எல்லோர் கணக்கையும் கூட்டினால் சுகரோடு எழுபது, எண்பது வருஷம் குடித்தனம் நடத்திய ஒன்பது பேர், எங்களுக்கு வந்த அதே தாகமும் அதே இளைப்பும் அடுத்த வீட்டில் வந்து நிற்கிறபோது அடையாளம் தெரியாமல் அதற்குத் தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தோம். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஐப்பசி பிறந்தது. அதிசயம் தொடங்கிய பிறகு வரும் முதல் தீபாவளி. பத்து நாள் முன்னாலேயே பலகையின் வலப்பக்கத்தை முழுசாக அழித்துவிட்டு, தீபாவளி அன்று அவள் தின்ன வேண்டியதை எழுத உட்கார்ந்தோம்: அதிரசம், முந்திரிக்கொத்து, சூசையாவுக்காக ஜாங்கிரி, ஒன்றாம் வீட்டுக்காக மைசூர்பாகு, எனக்காக ரவா லாடு, இப்படிப் பதினேழு பண்டம், எது முதலில் எது அடுத்தது என்று சண்டை, சண்டையில் இரண்டு சாக்பீஸ் உடைந்தது. மூன்று நாள் அந்த வரிசையைத் திருத்தினோம். வருகிறவர் போகிறவர் எல்லாம் அதை வாசித்துவிட்டுத்தான் தண்ணீர் பிடித்தார்கள்.

நான்காம் நாள் காலை பத்து மணிக்கு, பலகையில் எதுவும் குறிக்காத நேரத்தில், என் வாயில் அல்வா வந்தது. நல்ல கோதுமை அல்வா. வந்து இரண்டு மெல்லுக்குள் அதற்கடியிலிருந்து இன்னொன்று வந்தது: சுண்ணாம்பும் கசப்பும் மீன் வாடையும் கலந்து நாக்கின் பின்பக்கத்தில் அப்பிக்கொள்ளும் ஒன்று. அது என்னவென்று உலகத்தில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பதினான்கு வருஷமாகத் தினம் இரண்டு வேளை என் நாக்கைத் தாண்டிப் போவது அதுதான். தையல் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தேன். ரகுமத் பீவி முற்றத்தில் நின்றார். சூசையா ஒரு காலை இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு கதவாகத் திறந்தது.

"டெய்லரண்ணாச்சி, இப்ப நீங்க மாத்திர போட்டியளா?" என்று கேட்டார் ரகுமத் பீவி.

"நான் எட்டரைக்கே போட்டுட்டேன். சூசையண்ணாச்சி?"

"நானும் எட்டரைக்குத்தான். அதுவும் முழுங்குவேன், இப்படிக் கடிச்சா திம்பேன்?"

ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் கேட்டு முடித்தோம். ஒன்பது பேரும் இல்லை என்றோம். அப்புறம் ஒன்பது பேரும் ஆறாம் வீட்டைப் பார்த்துத் திரும்பினோம்.

மாத்திரை விழுங்கி அவளுக்குப் பழக்கமே கிடையாது. பிறந்ததிலிருந்து ஒரு காய்ச்சல் தலைவலி கண்டதில்லை. அதனால் அந்த மாத்திரையை அல்வாவுக்குள் பொதிந்து கடித்துத் தின்றிருக்கிறாள். மறைக்கத்தான் அல்வா, ஆனால் தான் மறைக்க நினைத்த அந்த ஒரு ருசியை ஊரிலேயே மிக நன்றாகத் தெரிந்த ஒன்பது நாக்கு தன் வாயோடுதான் கட்டியிருக்கிறது என்பதை அவள் மறந்துபோனாள்.

"நாக்க நீட்டு" என்றார் ரகுமத் பீவி. வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது.

"எத்தன?"

"என்னது, அக்கா?"

"நம்பரு எத்தனன்னு கேக்கேன்."

தங்கபுஷ்பம் தரையைப் பார்த்தாள். "முன்னூத்திப் பன்னெண்டு."

"சாப்பிட்டா, சாப்பிடாமயா?"

"சாப்பிடாம."

வெறும் வயிற்றில் முன்னூற்றுப் பன்னிரண்டு என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இருபது நாளைக்கு முன்னால் தங்கபுஷ்பம், கண் மங்குகிறது என்று யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி எட்டயபுரம் ரோட்டில் ஒரு லேபுக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள், அங்கேயே ஒரு டாக்டரிடம் காட்டி மாத்திரையும் வாங்கியிருக்கிறாள். வாங்கிய சீட்டை அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டு, மாத்திரையை முதலில் தொடாமலிருந்து, அப்புறம் பயந்துபோய் அன்றைக்குத்தான் முதல் மாத்திரை போட்டிருக்கிறாள். பஞ்சர் கடையிலிருந்து ஓடிவந்த வைரமணிக்கே அன்றைக்குத்தான் தெரியும். அவன் ட்யூபைக் கையில் பிடித்தபடியே நின்றான்.

"யாரும் மூஞ்சியத் தூக்க வேண்டாம்" என்றாள் தங்கபுஷ்பம். "நான் ஒண்ணும் சாகல. தீபாவளி மட்டும் முடியட்டும். பலகைல எழுதுனத எழுதுனபடி தின்னுட்டு, மறுநாள்லேர்ந்து நிறுத்திருதேன்."

அந்த வாக்கியத்தை நாங்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறோம். நான் பொங்கலுக்குச் சொன்னேன், ரகுமத் பீவி பெருநாளுக்குச் சொன்னார், ஒன்றாம் வீட்டுக்காரர் மகள் கல்யாணத்துக்குச் சொன்னார். சூசையா குனிந்து, இடது காலிலிருந்து செருப்பைக் கழற்றி, வழவழவென்று விரல் இல்லாத இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இது ஒரு கிறிஸ்மஸு" என்றார். பக்கத்து இடத்தைத் தொட்டார். "இது அடுத்த கிறிஸ்மஸு."

தங்கபுஷ்பம் அந்தக் காலைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, இத்தனை வருஷத்தில் நாங்கள் கேட்காத ஒரு குரலில் பேசினாள்.

"நான் நிறுத்திட்டேன்னா என்னைய யாரு ஏறெடுத்துப் பாப்பிய? சொல்லுங்க. பதினோரு மாசமாத்தான என் பேரச் சொல்லிக் கூப்பிடுதிய. அதுக்கு முன்னால நான் யாரு? ஒம்பது தோச. என் வாயி நல்ல வாயின்னு சொல்ல இப்பத்தான நாலு பேரு வந்திய. அத விட்டுட்டுப் பழையபடி கதவச் சாத்திக்கிட்டு உக்காரச் சொல்லுதியளா?"

நான் என்னுடைய நாடாவை நினைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் ரகுமத் பீவி குழாயடிக்குப் போனார், முந்தானையை நனைத்தார், அதிரசத்தில் தொடங்கி ரவா லாடு வரைக்கும் பதினேழையும் துடைத்தார். துடைத்து முடிக்கிற வரைக்கும் ஒன்பது பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம், எனக்கு வருத்தமாக இல்லை என்று சொன்னால் அது பொய்.

அன்றைக்குச் சாயங்காலம் தொடங்கிய பரபரப்பு முந்தினதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது. ஜெயசீலி அவளைக் கையோடு சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டி, மாத்திரை அளவை மாற்றி வாங்கி, திரும்பி வருகிறபோது எங்கள் முற்றத்தில் ஆளுக்கொரு வைத்தியம் கையில் பிடித்து நின்றோம். ஒன்பது சுகர்க்காரர்கள் என்றால் தொண்ணூறு யோசனை. வெந்தயம் ஊறப்போடு என்றார் ஒருவர், நாவல்கொட்டைப் பொடி என்றார் இன்னொருவர், மூன்று வேளையும் பாகற்காய்ச் சாறு என்று நான் சொன்னேன். ஜெயசீலி கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தி, ஒரு எவர்சில்வர் தட்டை வாங்கி, பேனாவால் அதன் குறுக்கே கோடு கிழித்தார்.

"பாதித் தட்டு காய், கீர. கால் தட்டு பருப்போ பயறோ மீனோ முட்டையோ. மீதி காலுக்குத்தான் சோறு, அது சோளமோ கம்போ எதுன்னாலும் அளவு இதான். நேரம் தப்பக்கூடாது, ஒருவேளைய விட்டுட்டு மறுவேள சேத்துத் திங்கக்கூடாது. சாப்பிட்டுக் கொஞ்சம் நடக்கணும். மாத்திரைய முழுங்கணும்மா, கடிக்கக் கூடாது."

பலகையை எடுத்து வந்து புதிதாக எழுதினோம், திங்களுக்கு என்ன, செவ்வாய்க்கு என்ன, எந்த வீட்டில் எது சமைப்பது, யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று. யார் கீரை ஆய்வது என்பதற்குப் போட்டி வந்து, சாப்பாட்டுக்குப் பின் அவளோடு யார் நடப்பது என்பதற்கு முறை வைக்க வேண்டியதாயிற்று. இடப்பக்கமும் வலப்பக்கமும் முதல்முறையாக ஒன்றாக இருந்தன. நடுவே இருந்த கோட்டை யாரோ துடைத்துவிட்டார்கள்.

ஆனால் அவள் கோபத்தோடு தின்றாள். மறுநாள் எட்டரைக்கு "உக்காந்துட்டேன்" என்ற குரலே வரவில்லை. கம்பு தோசை நனைந்த அட்டை மாதிரி எங்கள் வாயில் வந்து போனது. மதியம் அவரைக்காயும் அட்டை, ராத்திரி பயறும் அட்டை. நாங்கள் எங்கள் தட்டில் இருந்ததையே ருசிக்க முடியாமல் தடுமாறினோம், ஒரே கீரையை இரண்டு தரம் தின்கிற தண்டனை என்று சூசையா முனகினார், மூன்றாம் நாள் ஒன்றாம் வீட்டுக்காரர் மெதுவாக, "ஒரு சின்னத் துண்டு மைசூர்பாகு குடுத்தா என்ன" என்று இழுத்தார். யாரும் அவரைத் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அன்றைக்கு மதியம் தங்கபுஷ்பம் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டி மிட்டாய்க்கடைப் பக்கம் நடப்பதை வைரமணி பார்த்து, பின்னாலேயே ஓடிக் கூட்டிவந்தான். வாங்கியிருந்தாளா, தின்றிருந்தாளா என்று எங்களுக்குத் தெரியாது, தெருவில் ருசி அறுந்துவிடுமே.

அன்று சாயங்காலம் ரகுமத் பீவி பலகை முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு நேரே ஆறாம் வீட்டுக்குப் போனார், நானும் பின்னால் போனேன்.

"ஏளா தங்கம், பதினோரு மாசமா நாங்களே எழுதிட்டிருந்திருக்கோம். ஒனக்கு என்ன புடிக்கும்?"

அவள் யோசித்தாள். யோசிக்க இவ்வளவு நேரம் ஆகும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. எதைத் தின்றாலும் அது பிடித்ததாகவே இருந்துவிட்ட ஒருத்தியிடம் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை, அவள் பதில் தயாராக வைத்திருக்கவும் இல்லை.

"மொச்சக்கொட்ட போட்ட கருவாட்டுக் கொழம்பு" என்றாள் கடைசியில். "கத்திரிக்கா நெறைய கெடக்கணும்."

"என்னைக்கு வேணும்?"

"தீபாவளியன்னைக்கு."

காம்பவுண்டு கொதித்துப்போனது. தீபாவளிக்குக் கருவாடா? நல்ல நாளும் பொழுதுமாக முற்றமெல்லாம் வாடை அடிக்காதா? மூன்றாம் வீட்டில் அன்றைக்கு மாப்பிள்ளை வருகிறாரே, அவர் மூக்கைப் பொத்திக்கொண்டா பலகாரம் தின்பார்? ஒரு முழு நாள் சண்டை நடந்து, கடைசியில் ரகுமத் பீவி சாக்பீஸைத் தங்கபுஷ்பத்தின் கையில் கொடுத்தார். அவள் கோணல்மாணலாக எழுதினாள். நெய்மீன் கருவாடு வாங்க நானே சந்தைக்குப் போனேன், ஊறப்போட்ட மொச்சையை ஐந்து வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து பிதுக்கினார்கள், முட்டைக்கோஸை என் வீட்டுக்காரி நறுக்கினாள், முருங்கைக்கீரையை சூசையா ஒருத்தரே ஆய்ந்தார், சோளச்சோற்றை அளந்து வடித்தது ஜெயசீலி சொல்லிக்கொடுத்த கிண்ணத்தில்.

தீபாவளி விடிந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்து, பட்டாசுக் காகிதம் சிதறிக் கிடக்கிற முற்றத்தில் அவள் காலை நடை நடந்தாள், எட்டரைக்கு இரண்டு இட்லியும் ஒரு கிண்ணம் சாம்பாரும் சாப்பிட்டாள், அதுவும் அட்டையாகத்தான் வந்தது. அப்புறம் பதினொரு மணிக்கு வீட்டுக்குள்ளிருந்து தயங்கித் தயங்கி வெளியே வந்தாள். தீபாவளி விடுமுறையிலும் எட்டிப் பார்க்க வந்திருந்த ஜெயசீலியிடம் போய், "சிஸ்டர், வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது" என்றாள்.

ஜெயசீலி சட்டென்று அவள் கையைப் பிடித்தார். "படபடன்னு வருதா? வேர்க்குதா? கண்ண இருட்டுதா?"

"அதெல்லாம் இல்ல. வயிறு கூப்பிடுது."

விரலைக் குத்திப் பார்த்தார்கள், நூற்று நாற்பத்தெட்டு. ஜெயசீலி சிரித்துவிட்டு, "அப்படின்னா ஒண்ணும் இல்ல, ஒரு மணிக்குச் சாப்பிடுங்க" என்றார். பதினொரு மாதமாக அவளுக்கு ஒரு தட்டு செரிப்பதற்குள் அடுத்த தட்டு வந்திருந்தது. வயிறு கூப்பிடுவது எப்படியிருக்கும் என்பதே அவளுக்கு மறந்திருந்தது. இரண்டு மணி நேரம் நிலைப்படியிலேயே உட்கார்ந்து, ரகுமத் பீவி வீட்டு அடுப்பிலிருந்து வருகிற வாடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மணிக்கு முற்றத்தில் வேப்பமரத்தடியில் பாய் விரித்தோம். கோடு போட்ட தட்டில் பாதிக்குக் கீரையும் முட்டைக்கோஸும், காலுக்கு மொச்சையும் கருவாடும், காலுக்குச் சோளச்சோறு, மேலே குழம்பு. எங்கள் தட்டிலும் அதே அளவு. அவள் பிசைந்தாள், உருட்டினாள், வாயில் வைத்தாள்.

முதலில் வந்தது மொச்சையும் இல்லை, கருவாடும் இல்லை. ஜாங்கிரியிலும் வட்டலப்பத்திலும் நெய்ப்பொங்கலிலும் ஒருநாள்கூட வராத ஒன்று வந்தது. வயிற்றின் அடியிலிருந்து கிளம்பி, நெஞ்சு வழியாக ஏறி, நாக்கை உள்ளேயிருந்து திறந்துவிட்டது. அதற்கப்புறம்தான் மொச்சை வந்தது, என் வாழ்நாளில் அதுவரை மொச்சையைத் தின்றதில்லை என்பது போல வந்தது. கத்திரிக்காய் வந்தது, புளி வந்தது, கருவாட்டின் உப்பு வந்தது, சோளத்தின் லேசான இனிப்புகூட வந்தது. சூசையா உருண்டையைக் கையில் வைத்தபடியே அழுதார். ரகுமத் பீவி கண்ணைத் துடைக்காமல் சாப்பிட்டார். மூன்றாம் வீட்டு மாப்பிள்ளை பலகாரத் தட்டோடு வாசலுக்கு வந்து எங்களை மாறி மாறிப் பார்த்தார். நானும்தான் அழுதேன், சந்தோஷம் தாங்காமல்தான், ஆனால் அதில் பாதி வேறு ஏதோ.

கேட்டோரம் நின்றிருந்த வைரமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவனுக்கு என்றைக்குமே எங்கள் ருசி வந்ததில்லை. பண்டிகை நாளென்று கடையைச் சாத்திவிட்டு, புது வேட்டியோடு நின்றவன், பயந்துபோய்க் கிட்டே வந்தான்.

"என்னக்கா, எல்லாரும் அழுதிய? கொழம்பு அவ்வளவு ஒறப்பா?"

ரகுமத் பீவி தலையை ஆட்டினார்.

"இல்லய்யா. ஒம் பொண்டாட்டிக்குப் பசிச்சிருக்கு."

வைரமணி குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவளுக்கு எதிரே பாயில் உட்கார்ந்தான்.